அமைதியான பிள்ளை: ஒரு தலைப்பிரசவத்தின் முதல் 17 நாட்கள்

என் மகள் பிறந்தபோது 2.900 கிலோ இருந்தாள். ஏழாம் நாள் காலையில் கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வந்து, கையோடு கொண்டுவந்திருந்த தராசில் அவளைக் கிடத்தியபோது 2.530 என்று காட்டியது. அறையில் நாங்கள் ஆறு பேர் இருந்தோம். அந்த ஆறு பேரும் மூன்று நாட்களாக ஒரே சொல்லைத்தான் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம்: "என்ன அமைதியான பிள்ளை!"

அந்த அமைதிக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை நாள்வாரியாக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. நான் மருத்துவன் அல்லன். நூற்பாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். இங்கே வரும் எண்கள் மருத்துவமனைத் தாள்களிலும் தாய் சேய் நல அட்டையிலும் இருப்பவை. ஏழாம் நாளுக்குப் பிறகு உள்ளவை நான் எழுதத் தொடங்கிய நோட்டில் இருப்பவை. மனைவி முழுவதையும் படித்துத் திருத்தினாள். மருத்துவமனைகளின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

பிரசவத்துக்கு முன்

மனைவிக்கு வயது 27. தலைப்பிரசவம் என்பதால் ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் இருக்கும் தாய்வீட்டுக்குப் போனாள். நான் மதுரையிலிருந்து ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போய்வந்தேன். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.8 ஆக இருந்து, இரும்புச்சத்து மாத்திரையும் முருங்கைக்கீரையுமாக 11.2க்கு ஏறியது. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. மருத்துவர் எங்களைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமே இல்லாத கர்ப்பம்.

நாங்களும் நன்றாகத்தான் தயாராகியிருந்தோம். சூட்டு வலிக்கும் பிரசவ வலிக்கும் வேறுபாடு என்ன, பனிக்குடம் உடைந்தால் என்ன செய்ய வேண்டும், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வலி வந்தால் கிளம்ப வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒன்பது மாதப் பரிசோதனைகளில் தாய்ப்பால் கொடுப்பதைப் பற்றி ஐந்து நிமிடப் பேச்சுகூட எழவில்லை. யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பிள்ளை பிறந்தால் பால் ஊறும், ஊறினால் பிள்ளை குடிக்கும் என்று இருந்துவிட்டோம். எங்கள் தயாரிப்பு முழுவதும் ஒரே ஒரு நாளுக்கானதாக இருந்தது.

அந்த நாளை இங்கே விரித்து எழுதப்போவதில்லை. செவ்வாய்க்கிழமை அதிகாலை இரண்டரை மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. பதினான்கு மணி நேர வலிக்குப் பிறகு குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கத் தொடங்கியதால் சிசேரியன் முடிவானது. மாலை 6.20க்குப் பெண் குழந்தை. பிறந்ததும் அழுதாள். அந்த முடிவை எடுத்த மருத்துவருக்கு நாங்கள் என்றும் கடன்பட்டவர்கள்.

முதல் 14 மணி நேரம்

குழந்தையைத் துணியில் சுற்றி என் மாமியாரின் கையில் கொடுத்தார்கள். மனைவி தியேட்டரிலிருந்து அறைக்கு வர எட்டரை மணி ஆகிவிட்டது. இதற்கிடையே சேனை வைக்கும் சடங்கு நடந்தது. மனைவியின் பெரிய மாமா நிதானமான மனிதர், குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. சேனை வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதனால் அவரையே அழைத்து, சீனித்தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைக்கச் சொன்னார்கள். பிள்ளை சப்புக்கொட்டியது. எல்லோரும் சிரித்தோம். அந்தச் சில துளிகள் பிள்ளைக்குப் பெரிய கேடு எதையும் செய்திருக்காது. ஆனால் அடுத்து வந்த நாட்களில் பிள்ளை அழாமல் கிடந்தபோதெல்லாம், "மாமா சேனை வைத்தாரல்லவா, அந்தக் குணம்" என்று நாங்கள் நிம்மதி அடைந்தோம்.

முதுகில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனில் தாய் விழித்தே இருக்கிறாள். யாராவது பிடித்துக்கொண்டால் முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பிள்ளையை மார்பில் சேர்த்துவிடலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் அதைத்தான். பிறந்த உடனே பிள்ளை ஓரிரு மணி நேரம் நன்றாக விழித்திருந்து சப்பத் துடிக்கும். பிறகு நீண்ட தூக்கத்துக்குப் போய்விடும். எங்கள் மகள் விழித்திருந்த நேரம் வராந்தாவில் கைமாறிக் கைமாறிக் கழிந்தது.

இரவு பத்து மணிக்கு மனைவி கேட்டாள். பணியிலிருந்த செவிலியர் மார்பைப் பிதுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் பால் ஊறவில்லை அம்மா. பவுடர் பால் கொடுத்துவிடலாம்" என்றார். அந்த மாடி முழுவதற்கும் அன்றிரவு இரண்டே பேர்தான். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த வாக்கியம் தவறு. முதல் நாளில் சுரப்பது சீம்பால். அது ஒரு வேளைக்குச் சில மில்லிலிட்டர்தான் இருக்கும். கெட்டியாக, மஞ்சளாக, துளித்துளியாகத்தான் வரும். பிறந்த குழந்தையின் இரைப்பைக்கு அவ்வளவு போதும். துளியாக வந்ததைப் பார்த்து "இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். பாட்டிலில் 30 மில்லி கொடுத்தார்கள். பிள்ளை குடித்துவிட்டுக் காலை வரை தூங்கியது.

முதன்முதலாக மார்பில் வைத்தது மறுநாள் காலை எட்டரை மணிக்கு. பிறந்து பதினான்கு மணி நேரத்துக்குப் பிறகு.

பால் எப்படிச் சுரக்கிறது என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சரிகிறது. அதோடு பால் பெருகும் வேலை தொடங்கி, இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மார்பு நிறைகிறது. தலைப்பிரசவத்திலும் சிசேரியனிலும் இது சற்றுத் தாமதமாகலாம். அதன்பின் எவ்வளவு வெளியே போகிறதோ அவ்வளவுக்கு ஊறும். பிள்ளை சப்பச் சப்பத்தான் பாலை ஊறவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் சுரக்கும். மார்பில் தேங்கிய பால், இனிச் சுரக்க வேண்டாம் என்று உடம்புக்குச் சொல்லிவிடும். பாட்டிலில் போகும் ஒவ்வொரு வேளையும் மார்புக்கு ஒரு வேளை நட்டம். தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளையும் பாட்டில்களையும் விளம்பரப்படுத்துவதைத் தடுக்க 1992இல் ஒரு சட்டமே போட்டிருக்கிறார்கள். விளம்பரம் எதுவும் இல்லாமலேயே, முதல் இரவிலேயே பவுடர் பால் எங்கள் அறைக்குள் வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை, ஐந்தாம் நாள், வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று எடை 2.680. பிறந்த எடையில் 7.6 சதவீதம் குறைவு. முதல் சில நாட்களில் ஏழு சதவீதம் வரை குறைவது எல்லாக் குழந்தைகளுக்கும் இயல்பு; பத்தைத் தாண்டினால்தான் கவலை. எங்களுடையது இரண்டுக்கும் நடுவில் நின்றது. அப்படி நிற்கும் பிள்ளையை இரண்டு நாளில் மறுபடி நிறுத்துப் பார்க்க வேண்டும். எங்கள் தாளில் அடுத்த வருகை என்று எழுதியிருந்தது ஆறாம் வாரத் தடுப்பூசி.

வீடு

வீட்டில் குறை வைக்காமல் பார்த்தார்கள். பூண்டு, பால் சுறாப் புட்டு, பிரசவ லேகியம், வேளைக்கு வேளை வெந்நீர் ஒத்தடம். மாமியார் இரண்டு பிரசவம் பார்த்துக்கொண்டவர். ராத்திரியில் ஒருமுறை இருமினால்கூட எழுந்து உட்காருவார். ஒரே ஒரு பத்தியம்தான் எனக்கு இன்றும் மனத்தை அறுக்கிறது: பிள்ளை பெற்றவள் தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்று அளந்து அளந்து கொடுத்தார்கள். வறண்ட உதட்டோடு என் மனைவி கேட்காமலே இருந்தாள்.

மார்பில் வலி. காம்பு வெடித்துப் பிள்ளை வாய் வைக்கும்போதெல்லாம் கால்விரல்களைச் சுருட்டிக்கொள்வாள். பிள்ளை இரண்டு நிமிடம் சப்பிவிட்டுத் தூங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டு அக்கா ஒருவர், மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினால் வலி குறையும் என்றார். நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். ஆனால் அது பால் வற்றுவதற்குச் செய்யும் வைத்தியம். பிள்ளை இறந்துபோன தாய்மார்களுக்கு அந்தக் காலத்தில் செய்வார்களாம். மல்லிகை பால் சுரப்பைக் குறைக்கிறது என்று 1988இல் ஓர் ஆய்வும் வெளிவந்திருக்கிறது. பூ வாங்க ஆள் அனுப்பும்போது மாலை இருட்டிவிட்டது, காலையில் பார்க்கலாம் என்று விட்டோம். அந்தத் தாமதத்துக்கு நன்றி.

அன்றிரவு நான் மாமியாரிடம் கேட்டேன்.

"அத்தை, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிப் பால் கொடுக்க வேண்டாமா? ஐந்து மணி நேரமாகத் தூங்குகிறாளே."

"தூங்குகிற பிள்ளையை எழுப்பக் கூடாது மாப்பிள்ளை. பசித்தால் அதுவே அழும்."

நன்றாகக் குடித்து எடை ஏறும் பிள்ளைக்கு அது சரியான பேச்சு. போதிய பால் கிடைக்காத பிள்ளை பல நேரம் அழாது. அழுவதற்கும் வலு வேண்டும். இருக்கிற கொஞ்சச் சக்தியைச் சேமிக்க அது தூங்கும், தூங்குவதால் குடிக்காது, குடிக்காததால் இன்னும் தூங்கும். எங்கள் கண்முன்னே இந்த வட்டம் சுழன்றுகொண்டிருந்தது. அதற்கு அமைதி என்று பெயர் வைத்திருந்தோம்.

அறிகுறிகள் எல்லாம் அந்த வீட்டிலேயே இருந்தன. ஐந்தாம் நாளுக்கு மேல் பிள்ளை ஒரு நாளில் ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்க வேண்டும். ஞாயிறன்று இரண்டு துணிதான் நனைந்திருந்தது, அதில் ஒன்றில் செங்கல் நிறத்தில் கறை. சூடு என்று சொன்னார்கள். அது சிறுநீர் மிகவும் செறிந்துபோனதன் அடையாளம். பிறந்ததும் போகும் கருநிறக் காட்டுப்பீ நான்காம் ஐந்தாம் நாளில் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். எங்கள் மகளுக்கு இன்னும் கரும்பச்சையாகவே போனது. முகத்தில் தொடங்கிய மஞ்சள் நிறம் வயிற்றைத் தாண்டித் தொடைக்கு இறங்கியிருந்தது. நல்ல நிறமாக வருவாள் என்று ஒருவர் சொன்னார். காலை வெயிலில் காட்டினால் போய்விடும் என்று இன்னொருவர் சொன்னார்.

நூலின் பருமனைக் காட்டும் கவுண்ட் ஒன்று மாறினால் நான் உடனே இயந்திரத்தை நிறுத்தச் சொல்பவன். என் மகளின் நனைந்த துணிகளை நான் எண்ணவில்லை.

ஏழாம் நாள்

கிராம சுகாதாரச் செவிலியர் வந்தது ஏழாம் நாளுக்கான வீட்டுப் பார்வைக்காக. 7, 14, 21, 28, 42 என்று அவர்களுக்கு நாள் கணக்கு உண்டு. அவர் பிள்ளையை முதலில் தொடவில்லை. மனைவியைப் பால் கொடுக்கச் சொல்லிவிட்டு எதிரே உட்கார்ந்து பார்த்தார். விழுங்கும் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்தார். பிறகு உள்ளங்காலில் சுண்டினார். பிள்ளை முகம் சுளித்தது, அழவில்லை. நெஞ்சுத் தோலை விரலால் அழுத்தி எடுத்துப் பார்த்தார். அதன் பிறகுதான் தராசு.

2.530. பிறந்த எடையில் 12.8 சதவீதம் போயிருந்தது.

அவர் குரலை உயர்த்தவில்லை, யாரையும் குறை சொல்லவில்லை. "இப்போதே கிளம்புங்கள். 108க்கு நான் சொல்கிறேன். வண்டி வருவதற்குள் அம்மா கையால் பாலைப் பீய்ச்சட்டும், நான் சொல்லித் தருகிறேன்" என்றார். பதினெட்டு மில்லி வந்தது. அதைப் பாலாடையால், அந்த மூக்குவைத்த சிறு கிண்ணத்தால், சொட்டுச் சொட்டாகப் புகட்டினார். என் மகள் வயிறாரக் குடித்ததை நான் முதன்முதலில் பார்த்தது அப்போதுதான். ஆறு பேரும் பேசவில்லை.

மதியம் மதுரையில் அரசு மருத்துவமனைப் பச்சிளங்குழந்தை வார்டில் ரத்தம் எடுத்தார்கள். மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிருபின் டெசிலிட்டருக்கு 21.4 மில்லிகிராம். சோடியம் 153, 145க்குள் இருக்க வேண்டியது. போதிய பால் இல்லாமல் உடம்பில் நீர் வற்றி உப்பு செறிந்திருந்தது. மஞ்சளும் அதனோடு சேர்ந்து ஏறியிருந்தது, ஏனென்றால் பிலிருபின் வெளியேறும் வழி மலம்தான். பால் போகாவிட்டால் மலம் போகாது, வெளியேற வேண்டியது குடலிலிருந்து மறுபடி ரத்தத்துக்கே திரும்பும். அளவு மிஞ்சினால் அது மூளைக்குள் நுழையும். கேட்கும் திறனும் கை கால் இயக்கமும் நிரந்தரமாகக் கெடலாம். மருத்துவர் இதைச் சொன்னபோது மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். தையல் போட்டு ஏழு நாள்கூட நிறையாதவள்.

வார்டு

நீல விளக்கின் அடியில் கண்ணைக் கட்டிப் படுக்கவைத்தார்கள். அந்த ஒளி தோலில் உள்ள பிலிருபினின் வடிவத்தையே மாற்றிவிடுகிறது. மாறியது நீரில் கரைந்து பித்தத்திலும் சிறுநீரிலும் போய்விடும். ஊரில் சொன்ன காலை வெயில் இந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. சோடியத்தை மட்டும் அவசரமாக இறக்கவில்லை. வேகமாக இறக்கினால் மூளை வீங்கும் என்றார்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை 30 மில்லி பால், பீய்ச்சியது, பாலாடையில். முதல் நாள் பற்றாததை மருத்துவமனையின் தாய்ப்பால் வங்கி ஈடுகட்டியது. யாரோ ஒரு தாய் கொடுத்தது, 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிப் பதப்படுத்தியது. அந்தத் தாய் யாரென்று தெரியாது. தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

அந்த வார்டின் தலைமைச் செவிலியர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, நேற்று எத்தனை துணி நனைந்தது?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "இனி அது உங்கள் வேலை" என்றார். அன்று வாங்கிய நோட்டுதான் இப்போது என் முன்னால் இருக்கிறது.

மனைவிக்கு அவர் கற்றுக்கொடுத்தது மிக எளிய ஒன்று. இத்தனை நாள் அவள் காம்பைப் பிள்ளையின் வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள். காம்பை மட்டும் சப்பினால் பாலும் வராது, காம்பும் வெடிக்கும். பிள்ளை கொட்டாவி விடுவதுபோல வாயைப் பெரிதாகத் திறக்கும் வரை காத்திருந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் உள்ளே போகும்படி பிள்ளையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும். தாடை மார்பில் படிய வேண்டும், கீழ் உதடு வெளியே மடிந்திருக்க வேண்டும். மூன்றாம் முயற்சியில் சரியாக அமைந்தது. "வலிக்கவில்லை" என்றாள் மனைவி, நம்ப முடியாதவளாக. "க்" "க்" என்று விழுங்கும் சத்தம் கேட்டது. அது எப்படி இருக்கும் என்று அதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது.

மாமியாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவரை இந்தக் கதையின் குற்றவாளியாக்குவது எளிது. ஆனால் அந்த வார்டில் பாலாடையைப் பிடிக்க எங்கள் மூவரில் நன்றாகக் கை வந்தது அவருக்குத்தான். ஒரு சொட்டும் சிந்தாமல், பிள்ளை விழுங்கும் வேகத்துக்குக் கையைச் சாய்ப்பார். விஷயத்தைச் சொன்னதும் அவரே மகளின் தலைமாட்டில் இரண்டு லிட்டர் தண்ணீர் வைத்தார். "யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் செய்திருப்பேனே" என்று இரவு வராந்தாவில் என்னிடம் சொன்னார். உண்மை. அவரிடம் யாரும் சொல்லவில்லை. பத்தியம் சொல்லக்கூடியவர் என்று அவரை ஒதுக்கிவைத்துவிட்டு, எங்களுக்கும் எதுவும் சொல்லவில்லை.

36 மணி நேரத்தில் பிலிருபின் 14.2. வார்டில் மூன்றாம் நாள் சோடியம் 142. ஒன்பதாம் நாள் காலை நோட்டில் என் எழுத்து: "ஆறு துணி. மலம் மஞ்சள்." பதினோராம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். எடை 2.690.

மனைவி

பிள்ளை தேறத் தொடங்கிய பிறகுதான் அவள் உடைந்தாள். பன்னிரண்டாம் நாள் இரவு, பிள்ளை குடித்துவிட்டுத் தூங்க, இவள் இருட்டில் உட்கார்ந்து அழுதாள். "பிள்ளை பசியில் கிடந்திருக்கிறது, நான் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறேன்" என்றாள். நான் ஆறுதல் சொல்ல ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். அவளுக்கு அப்போது வேண்டியிருந்தது ஆறுதல் அன்று. அந்த இரவில் மூன்று மணி நேரத் தூக்கம். பீய்ச்சி வைத்த பாலை நான் பாலாடையில் கொடுத்தேன், அவள் தூங்கினாள். மறுநாளும் அப்படியே.

பிரசவமான முதல் இரண்டு வாரங்களில் பல தாய்மார்களுக்குக் காரணமில்லாமல் அழுகை வரும், பிறகு தானாக அடங்கும். இரண்டு வாரத்தைத் தாண்டியும் நீடித்தால், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்காமல் போனால், சாக வேண்டும் என்று தோன்றினால், அது நோய், மருத்துவம் உண்டு. 1987இல் எடின்பரோவில் உருவான பத்துக் கேள்வித் தாள் ஒன்று உலகம் முழுவதும் இதற்குப் பயன்படுகிறது. என் மனைவிக்கு மூன்றாம் வாரம் மனம் தெளிந்தது. அந்தப் பத்துக் கேள்விகளை அவளிடம் யாரும் கேட்கவில்லை.

எனக்கு ஆலையில் கிடைத்த விடுப்பு ஏழு நாள். மத்திய அரசு ஊழியர் என்றால் தந்தைக்கு 15 நாள் உண்டு. 2017 திருத்தத்துக்குப் பிறகு தாய்க்கு 26 வாரம் சட்டப்படி உண்டு. தனியார் ஆலையில் வேலை செய்யும் தந்தைக்குச் சட்டத்தில் ஒரு நாளும் இல்லை. வார்டில் இருந்த நாட்களுக்குச் சம்பளம் பிடித்தார்கள். பிடிக்கட்டும். அந்த நாட்களில்தான் நான் தந்தை ஆனேன்.

எண்கள்

பதினான்காம் நாள் 2.800. பதினேழாம் நாள் 2.910, பிறந்த எடையைத் தாண்டிய அன்று செவிலியருக்குத் தொலைபேசியில் சொன்னேன். ஆறாம் வாரத் தடுப்பூசியன்று 3.800.

எனக்குத் தெரிந்தவரை மகளைப் பாதுகாத்திருக்கக்கூடிய இடங்கள் மூன்று. முதல் ஒரு மணி நேரத்தில் மார்பில் வைப்பது. ஐந்தாம் நாள் அனுப்பும்போது, பிள்ளை வாய் வைப்பதை யாராவது ஒருவர் முழுதாக உட்கார்ந்து பார்ப்பது. இரண்டு நாள் கழித்து ஒரு தராசு. இவற்றில் விலை உயர்ந்தது எதுவும் இல்லை. ஏழாம் நாள் வந்த அந்தப் பெண்மணி, பிள்ளைகளைப் பார்ப்பதோடு கர்ப்பிணிகள், தடுப்பூசி, பதிவேடு என்று பல கிராமங்களைச் சுமப்பவர். அவர் அன்று வராமல் ஒரு நாள் தள்ளிப்போட்டிருந்தால் என்பதை நான் யோசிக்க விரும்பவில்லை.

மஞ்சள் அந்த அளவுக்கு ஏறிய பிள்ளைகளுக்குச் செவித்திறனைச் சோதிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மூன்றாம் மாதம் போனோம். காதில் சிறு கருவியைப் பொருத்திச் சத்தம் கொடுத்துப் பார்ப்பார்கள். பிள்ளை தூங்கினால்தான் முடியும். காலை பத்து மணிக்குப் போனவர்கள் ஒன்றரை வரை வராந்தாவில் நடந்தோம். தாலாட்டுப் பாடினோம், தோளில் தட்டினோம், மாமியார் சேலையை விரித்துத் தூளிபோல ஆட்டினார். அவள் எங்கள் எல்லோருடைய முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு, கை காலை உதைத்து, தொண்டை கிழியக் கத்தினாள். வரிசையில் இருந்த ஓர் அம்மாள், "என்ன இப்படி அழுகிறது பிள்ளை!" என்றார். மனைவி என்னைப் பார்த்தாள். இருவருக்கும் கண் நிறைந்துவிட்டது. இரண்டு மணிக்கு அவள் தூங்கினாள். இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது.